தடுத்துக்கொண்டே இருந்த குழு

அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், ஊரில் ஒரு பிரச்சினை முற்றிவிட்டால் நாங்கள் முதலில் செய்வது அதற்கு ஒரு கோப்பு திறப்பதுதான். அட்டை போட்டு, நூல் கட்டி, நம்பர் எழுதி முடித்ததும் பிரச்சினை பாதி தீர்ந்துவிட்ட மாதிரி எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்துவிடும். நான் சங்கரன்கோவிலில் அப்படி ஓர் அலுவலகத்தில் உதவியாளர். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். இன்னும் ஒன்பது வருஷ சர்வீஸ் பாக்கி இருக்கிறது. தபால் பிரித்து, 'மிக அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதி, பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகிற என் இனத்தார் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. சேர்ந்து பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான்.

சென்ற வருஷம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வட்டார அளவில் போதைப் பழக்கத்தைத் தடுக்க ஒரு குழு அமைக்க வேண்டும். அதில் அதிகாரிகள், டாக்டர், தலைமையாசிரியர், வணிகர் பிரதிநிதி, போதையிலிருந்து மீண்டவர் ஒருவர் என்று உறுப்பினர்கள் இருக்க வேண்டும். அலுவலகத் தலைவரை நாங்கள் 'ஐயா' என்போம். ஐயா உத்தரவைப் பாதி படித்துவிட்டுக் கண்காணிப்பாளர் நல்லசிவம் சாரிடம் கொடுத்தார். நல்லசிவம் சார் படிக்காமலே என்னிடம் கொடுத்தார்.

பெயர் சூட்டு விழா

உத்தரவில் 'குழு' என்றுதான் இருந்தது. ஐயாவுக்கு அது சப்பென்று பட்டது. 'வாரியம்' என்று போட்டால் போர்டில் எடுப்பாக இருக்கும் என்றார். வாரியம் என்றால் அரசிதழில் வர வேண்டும் என்று யாரோ பயமுறுத்தியதும் குழுவுக்கே இறங்கி வந்தார். அடுத்து, 'தடுப்பு'க் குழுவா 'ஒழிப்பு'க் குழுவா என்று கிளம்பியது. நான் ஒழிப்பு என்று எழுதி அனுப்பினால் தடுப்பு என்று திருத்தி வரும். தடுப்பு என்று எழுதி அனுப்பினால் ஒழிப்பு என்று திருத்தி வரும். இப்படியே மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரமும் ஊரில் விற்கிறவன் விற்றுக்கொண்டும் வாங்குகிறவன் வாங்கிக்கொண்டும்தான் இருந்தார்கள். அவர்களுக்குப் பெயர்த் தகராறு எதுவும் இல்லை.

கடைசியில் நல்லசிவம் சார்தான் முடித்துவைத்தார். என் மேசைக்கு வந்து, கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, அவரே திருத்திவிட்டுச் சொன்னார்: "ஒழிப்புன்னு போட்டா, ஒழிச்சாச்சான்னு ஒருத்தன் கேப்பாம்மா. தடுப்புன்னு போடு, ரிட்டயர்டு ஆகுத வரைக்கும் தடுத்துக்கிட்டே இருக்கோம்னு சொல்லிக்கிடலாம்."

வணிகர் பிரதிநிதி

செல்லத்துரை அண்ணாச்சிக்கு பஜாரில் மொத்த மளிகை. எந்த அதிகாரி மாற்றலாகி வந்தாலும் முதல் சால்வை அவருடையதாகத்தான் இருக்கும். குழுவைப் பற்றிக் காதில் விழுந்த மறுநாளே வெள்ளை வேட்டியில் வந்து உட்கார்ந்துவிட்டார். "எளவட்டப் பயலுவ கெட்டுச் சீரழியுதானுவ மேடம், பாக்கச் சகிக்கலை" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருடைய கடையில் வத்தல் மூட்டைகளுக்குப் பின்னால் தடை செய்த புகையிலைப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குவதை, துவரம்பருப்பு வாங்கப் போனபோது நானே பார்த்திருக்கிறேன். ராயகிரி வரைக்கும் பெட்டிக்கடைகளுக்கு அங்கிருந்துதான் சரக்கு போகிறது என்று ஊரே சொல்லும்.

நல்லசிவம் சாரிடம் சொன்னேன். "ஆதாரம் இருக்கா?" என்றார். "கண்ணால பாத்தேன் சார்" என்றேன். "கண்ணுல பாத்தது ரெக்கார்டு ஆகாதும்மா" என்று பட்டியலை வாங்கி அண்ணாச்சியின் பெயருக்கு நேராக டிக் போட்டார்.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வந்த அண்ணாச்சி, போட்டு முடித்துவிட்டு, குனிந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இனிமே நம்ம கடைக்குச் செக்கிங் வாரவங்க, மெம்பருங்கிற முறையில நம்மகிட்ட முன்கூட்டியே சொல்லிட்டுத்தான வரணும்?"

மீண்டவர் தேவை

போதையிலிருந்து மீண்டவர் இடத்துக்கு முதலில் வந்தவர் ஒரு ரோடு கான்ட்ராக்டர். பிராந்தியை அறவே விட்டுவிட்டதாகவும் இப்போது பீர் மட்டும்தான் என்றும் உறுதியளித்தார். அவரை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் டெய்லர் சுடலைமுத்து நின்றிருந்தார்.

சுடலைமுத்துவுக்கு நாற்பது வயதிருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தையல் கடை. ஏழு வருஷம் மாத்திரை, ஊசி என்று கிடந்து, பெண்டாட்டி போய், அம்மா செத்தது தெரியாமல் இருந்து, அப்புறம் எழுந்து வந்தவர். நான்கு வருஷமாக எதையும் தொடவில்லை. அவரைப் போல இருக்கிற ஆட்களை ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் ஏற்றித் திருநெல்வேலிக்குச் சிகிச்சைக்குக் கூட்டிப் போவார். முழங்கை வரை சட்டையைச் சுருட்டித் தழும்புகளைக் காட்டினார். சர்ட்டிபிகேட் காட்டுகிற மாதிரிதான் காட்டினார், வெட்கப்படவில்லை. பட்டியலில் முதல் பெயராக எழுதினேன். பத்தாவது நாள் கோப்பு திரும்பி வந்தது. 'இவர் பெயரில் பழைய போதை வழக்கு ஒன்று உள்ளது. நன்னடத்தை உடைய, எந்தத் தீய பழக்கமும் இல்லாத ஒருவரை இவ்விடத்துக்குப் பரிந்துரைக்கவும்' என்று ஐயா பச்சை மையில் எழுதியிருந்தார். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் போய்விட்டதோ என்று இரண்டு முறை படித்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஆவுடையப்பனை நல்லசிவம் சார் பிடித்து வந்தார். வெற்றிலைகூடப் போடாதவர், காபி குடித்தால் படபடப்பு வரும் என்று அதையும் தொடாதவர்.

முடிவு தெரிந்துகொள்ள சுடலைமுத்து வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். கோபமே இல்லாமல் கேட்டார்: "அப்பம் மீண்டு வந்தவன் சீட்டு, போகவே போகாதவருக்குத்தானா மேடம்?"

மனு நாள்

திங்கட்கிழமை எங்களிடம் மனு வாங்குகிற நாள். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான ஆடித் தபசுக்குப் பத்து நாள் இருக்கும்போது கோமதி வந்தாள். முப்பது வயது, கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை, அதற்குள் காலி மாத்திரை அட்டைகள். அவற்றை மேசையில் கொட்டியே விட்டாள். புருஷன் சங்கரபாண்டி விசைத்தறித் தொழிலாளி. நின்று நின்று முதுகு வலி வந்து, வலிக்கு ஒரு மாத்திரை என்று ஆரம்பித்து, இப்போது அது இல்லாவிட்டால் எழுந்திருக்க முடியாது என்கிற அளவுக்கு வந்துவிட்டது. "போன வாரம் தறியில நின்னுக்கிட்டே கண்ணு சொருகிட்டு மேடம். பக்கத்துத் தறிக்காரர் ஓடியாந்து மோட்டாரை அமத்தலைன்னா கை போயிருக்கும். முதலாளி இனிமே வராதன்னுட்டாரு. மாத்திரை கிடைக்கலைன்னா செவுத்துல மண்டைய முட்டுதாரு" என்றாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

நல்லசிவம் சார் அட்டைகளை ஒரு ஸ்கேலால் ஒதுக்கினார். "இதுக்குன்னு குழு போட்டாச்சும்மா. ஆனா இன்னும் முதல் கூட்டம் கூடலை. தபசு முடியணும், ஐயாவுக்குப் பந்தோபஸ்து வேலை இருக்கு. கூடுனதும் முதல் மனுவா உன் மனுவை வைக்கச் சொல்லுதேன். ஸ்டெல்லா, ரசீது போட்டுக் குடு."

நான் ரசீது எழுதினேன். அவள் அதை வாங்கி நான்காக மடித்துக்கொண்டு சாரிடம் கேட்டாள்: "எந்தத் தேதியில கூடுவியன்னு மட்டும் சொல்லுங்க சார், அதுவரைக்கும் அந்த மனுசனைக் கட்டிப்போட்டு வச்சிருக்கேன்."

மூன்றாம் நாள்

அவள் படியிறங்கிப் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. தலைவலி என்று அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவளைத் தேடிப் போனேன். பஸ் ஸ்டாண்டில் பூக்காரிகளுக்குப் பக்கத்தில், எந்தப் பஸ்ஸுக்கும் காத்திருக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். நேரே சுடலைமுத்துவின் கடைக்குக் கூட்டிப் போனேன். குழுவில் இடமில்லை என்று சொன்ன அதே வாயால் அவரிடம் உதவி கேட்கப் போகிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. "கடைசியா எப்பம் போட்டாரு?" என்று ஒரே ஒரு கேள்வி. வாசலில் ரவிக்கை வாங்க வந்த அம்மா திட்டத் திட்ட ஷட்டரை இறக்கினார். மறுநாள் காலையில் சங்கரபாண்டி திருநெல்வேலியில் ஒரு வார்டில் படுத்திருந்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் கோமதி போன் செய்தாள். படுக்கையில் ஆளைக் காணோம். சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாக டீக்கடைக்காரர் சொல்கிறார். நானும் சுடலைமுத்து அண்ணனும் அடுத்த பஸ்ஸில் வருகிறோம் என்றாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த மனிதனுக்கு என்ன ஆகுமோ என்பது எனக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது. இதில் என் பெயர் வந்துவிடுமோ என்பதுதான் முதலில் தோன்றியது. இருபது வருஷம் மேசையில் உட்கார்ந்தால் புத்தி அப்படித்தான் ஆகிவிடுகிறது.

வழியில் நின்ற ஒவ்வொரு நிறுத்தத்திலும் சுடலைமுத்து படியில் தொங்கிக்கொண்டு எட்டிப் பார்த்திருக்கிறார். பனவடலிசத்திரத்தில் சங்கரபாண்டி தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பஸ்ஸுக்குள் வாந்தி எடுத்ததால் கண்டக்டர் இறக்கிவிட்டுவிட்டார். உடம்பு வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. "ஒரே ஒரு மாத்திரை வாங்கிக் குடுத்துரு கோமதி, உன் கால்ல விழுதேன்" என்று பெண்டாட்டியிடம் கெஞ்சியிருக்கிறான். சுடலைமுத்து புத்தி எதுவும் சொல்லவில்லை. ஒரு சோடா வாங்கிக் கொடுத்து, அவனோடு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரத்துக்கு மேல் மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப் பக்கம் போகிற பஸ் தூரத்தில் தெரிந்ததும் அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு சொன்னதைக் கோமதி அப்படியே எனக்குச் சொன்னாள்: "ஏலே, நானும் மூணாம் நாளு ஓடி வந்தவன்தான். எந்திரி, திருநெல்வேலி பஸ் வருது, இதை விட்டா அடுத்த பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் நிக்கணும்."

அலுவல் சாராத செய்தி

இதற்கிடையில் குழுவுக்கு ஒரு வாட்ஸப் குரூப் தொடங்கியிருந்தோம். தினமும் காலையில் செல்லத்துரை அண்ணாச்சி ரோஜாப்பூ படத்தோடு வணக்கம் வைப்பார். ஆவுடையப்பன் சார் ஆரோக்கியக் குறிப்பு போடுவார். ஐயா பிறந்தநாளுக்கு மட்டும் அறுபது எழுபது செய்தி வந்தது, கேக் படங்கள் தனி.

குழுவில் உறுப்பினரான தலைமையாசிரியர் ஒருவர் ஒரு நாள் மாலை ஒரு படம் போட்டார். 'எங்கள் பள்ளிக்குப் பின்னால் பழைய அரிசி ஆலைச் சுவரோரம் மாத்திரை விற்கிறார்கள். இப்போதும் நிற்கிறார்கள். யாராவது உடனே வாருங்கள்' என்று எழுதியிருந்தார். எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. ஒருவர் கும்பிடு போட்டார். இன்னொருவர் கட்டைவிரலைத் தூக்கினார். யாரோ 'அருமை சார்' என்றார். கால் மணி நேரம் கழித்து, குரூப்பின் அட்மினான நல்லசிவம் சாரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "உறுப்பினர்கள் அலுவல் சாராத பதிவுகளைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

முதல் கூட்டம்

தபசு முடிந்து, ஆவணியும் பாதி போன பிறகு முதல் கூட்டத்துக்குத் தேதி குறித்தார்கள். குறித்த நாள் செவ்வாய்க்கிழமை. மத்தியானச் சாப்பாடு ஆட்டுக்கறிப் பிரியாணி என்பதால், அன்றைக்குக் கவுச்சி சாப்பிடாத உறுப்பினர்கள் சங்கடப்பட்டார்கள். கூட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றினோம். அத்தனை மாதத்தில் இந்தக் குழு எடுத்த ஒரே அவசர முடிவு அதுதான். யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதில் அரை மணி நேரம், போட்டோவில் அரை மணி நேரம் போனது. தலைமையாசிரியர் எழுந்து அரிசி ஆலைச் சுவரைப் பற்றி ஆரம்பித்தார். "அது பொருள் நிரல்ல இல்லையே சார்" என்று உட்கார வைத்தார்கள். கோமதியின் மனுவை நான் முதல் தாளாக வைத்திருந்தேன். ஐயா அதைப் புரட்டி, அடுத்த தாளுக்குப் போனார். அவள் புருஷன் அப்போது சிகிச்சை முடிந்து வந்து, இடையில் ஒரு தடவை மாத்திரைக்கு வழுக்கி, சுடலைமுத்துவோடு மறுபடி போய்த் திரும்பியிருந்தான். அதை அங்கே யாரிடம் சொல்வது?

பொருள் நிரலில் நான்காவது, 'மீண்டவர் அனுபவ உரை'. உத்தரவிலேயே அப்படி ஓர் உரை இருக்க வேண்டும் என்று இருந்ததால் தவிர்க்க முடியவில்லை. ஆவுடையப்பன் சார் மைக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தவித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், பாவம். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "எனக்குச் சின்ன வயசுல இருந்தே எந்தக் கெட்ட பழக்கமும் கெடையாது, அதனால மீண்டு வாரது எனக்கு அவ்வளவா கஷ்டமா இல்லை."

எல்லோரும் கைதட்டினார்கள்.

பயனடைந்தோர்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் 'பயனடைந்தோர்' என்று ஒரு கட்டம். நல்லசிவம் சார் அதில் 'பலர்' என்று எழுதிவிட்டார். ஆனால் கூடவே ஒரு பயனாளியின் புகைப்படம் இணைக்க வேண்டும் என்று அடிக்குறிப்பு இருந்தது. பலரில் ஒருவரைக்கூட எங்களால் காட்ட முடியவில்லை. அப்போதுதான், நான் கோமதியோடு போனில் பேசிக்கொண்டிருந்ததை அவர் காதில் வாங்கினார். முகம் மலர்ந்துவிட்டது. "சொல்லவே இல்லையேம்மா! அந்த மனுவு நம்ம குழுவுக்கு வந்ததுதான? ரசீது நாமதான போட்டோம்? அவனைக் கூப்பிடு. ஐயா கையால ஒரு சால்வை, ஒரு போட்டோ. பேப்பர்லயும் போட்ருவோம்" என்றார். அவனைக் காப்பாற்றியது குழு இல்லை, குழு வேண்டாம் என்று தள்ளிய டெய்லர் என்று சொன்னேன். "டெய்லரும் பொதுமக்கள்தான, பொதுமக்கள் ஒத்துழைப்புடன்னு ஒரு வரி சேர்த்துக்க" என்றார்.

மறுநாள் சங்கரபாண்டி வரவில்லை. கோமதி மட்டும் வந்தாள். தறிக்குப் போய்விட்டார் என்றாள். முதலாளி பகல் ஷிப்டுக்கு மட்டும் சேர்த்துக்கொண்டிருக்கிறாராம். சால்வை மேசையில் தயாராக இருந்தது. போட்டோக்காரரும் வெளியில் நின்றிருந்தார். நல்லசிவம் சார் அவளைச் சமாதானப்படுத்திப் பார்த்தார். குரலை உயர்த்தியும் பார்த்தார். அரசாங்கத்துக்கு ஒத்துழைக்க வேண்டும் என்றார். மனு கொடுத்தது நீதானே என்றார். அன்றைக்கு நான் எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன், அவ்வளவுதான் முடிந்தது. அவள் பைக்குள் கையை விட்டு, அன்றைக்கு நான் எழுதிக் கொடுத்த ரசீதை எடுத்து மேசையில் சால்வைக்குப் பக்கத்தில் வைத்தாள். "இருவத்தஞ்சு நாளாத்தான் சார் அவரு மனுசனா நடமாடுதாரு, அதுக்குள்ள பேப்பர்ல போட்டு ஊருக்கெல்லாம் அடையாளம் காட்டிராதிய."

எங்கள் குழுவால் போதைப் பழக்கத்துக்கு இதுவரை எந்தத் தொந்தரவும் ஏற்பட்டதில்லை என்று, கோப்பைத் திறந்து பார்க்காமலே என்னால் சான்றளிக்க முடியும்.